அம்பாங்கான் முகவரிக்குப் பொருத்திய ரிம்

ஸ்போர்ட்ஸ் காருக்கு எடை குறைந்த ரிம்மை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். ஓய்வு பெற்றவனிடம் எதைக் கேட்டாலும் மறுக்கமாட்டான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அட்டவணை எதுவும் தரப்போவதில்லை. காரின் பெயரைத் தட்டினால் அகலம், விட்டம், டயர் அளவு எல்லாவற்றையும் சொல்லிவிடும் செயலி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. என் காலத்தில் அவற்றை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. செயலிக்குத் திமிர் கிடையாது. அந்த வகையில் அது என்னைவிட மேல்.

நான் சொல்லப்போவது, ஓர் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, அதனாலேயே ஒரு தாயையும் மகனையும் நெடுஞ்சாலையில் கவிழ்க்கப் பார்த்த கதை. அளவில் பிழை இல்லை. இன்றைக்கும் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் ஒரு டயர் கடையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன். கடைசிப் பதினைந்து ஆண்டுகளும், ரிம் மாற்ற வருகிறவர்களுக்கு எதைப் போடலாம் என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுவது என் வேலை. முதலாளி சீனர். நல்ல மனிதர். காகிதத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு வியர்க்கும். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்தவன் என்பதால் கடையில் காகிதம் என்று எது இருந்தாலும் அது என் பொறுப்பு. வாடிக்கையாளர் வந்ததும் நிரப்புகிற படிவத்தை நானே வரைந்தேன். பெயர், முகவரி, கார், ஓட்டும் பழக்கம், கடைசியில் கார் ஓடும் சாலை. சாலைக்கு மூன்று கட்டங்கள் வைத்தேன்: நகரம், நெடுஞ்சாலை, பந்தயத் தடம்.

தோட்டச் சாலைக்குக் கட்டம் இல்லை. நான் பிறந்தது தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளிக்கூடத்துக்கு நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலையில் நடந்து போனவன். அப்படிப்பட்டவன் தோட்டங்கள் நிறைந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு வரைந்த படிவத்தில் தோட்டச் சாலை இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் தோட்டத்தில் குடியிருக்கமாட்டான் என்று நம்பினேன். இதை வேறு யாராவது என் முன்னால் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

குணா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். கருநீல நிறத்தில் பழைய ஜப்பானியக் கார். இரண்டே இருக்கைகள், துணிக் கூரை. உட்கார்ந்தால் பக்கத்து லாரியின் சக்கர நட்டு கண்ணுக்கு நேரே வரும், அவ்வளவு தாழ்வு. காரைச் சுற்றி வந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினான்.

"அண்ணே, இதுக்குப் பதினெட்டு இன்ச் ரிம் ஏறுமா?"

"ஏறும். எருமைக்குக்கூட கொலுசு ஏறும்."

"விளையாடாதீங்கண்ணே. லைட் ரிம்மா வேணும். லைட்டா இருந்தா காடி பறக்கும்லா."

"லைட்டா வேணும்னா சின்னதா கேளுங்க. பெருசாவும் வேணும், லைட்டாவும் வேணும்னா எப்படி?"

"இப்ப இருக்கிற பதினாறப் பாருங்க. டீச்சர் காடி மாதிரி இருக்கு."

"டீச்சருங்க எல்லாம் இப்ப பத்தொம்பது போடுறாங்க. நீங்க பின்னாடி இருக்கீங்க."

சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. அதுவும் ஓர் ஆபத்து.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. அங்கே ஒரு கிலோ குறைந்தால் ஸ்டேரிங்கில் கை வைத்த கணமே தெரியும், கார் சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்கும். அதனால்தான் பையன்கள் லைட் ரிம் கேட்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் மாறக்கூடாது. ஆகவே ரிம் ஓர் அங்குலம் பெரிதானால், ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் அரை அங்குலம் மெலிந்துவிடும். பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான். அது மெலிந்தால் அடி ரிம்முக்குப் போகும். ரிம்மும் மெலிந்தது என்றால் அடி எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அவனுக்குச் சொல்லி, பதினெட்டிலிருந்து பதினேழுக்கு இறக்கினேன். ஒரு வார்ப்பு ரிம், 215/40 டயர். பெட்டியில் அச்சடித்திருக்கும் எடையை நான் நம்புவதில்லை. கடையில் தொங்கு தராசு ஒன்று வைத்திருந்தேன், நாலு ரிம்மையும் அதில் மாட்டி அவன் கண்ணெதிரே நிறுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றும் ஏழு கிலோவுக்குள். சுமை எண், நட்டு, நடுத்துளை எல்லாம் பார்த்தேன். நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அதைவிடச் சிறந்த ஜோடி அந்த மாதம் கிடைத்திருக்காது. படிவத்தில் அவன் நகரம் என்று டிக் போட்டிருந்தான். முகவரி அம்பாங்கானில் ஒரு தாமான் குடியிருப்பு. வேலை, பேக்டரியில் டெக்னிஷியன். செனவாங் தொழிற்பேட்டைப் பக்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

காரைத் தூக்கியபோது சக்கர வளைவுக்குள் செம்மண் கட்டிகட்டியாக அப்பியிருந்தது. மண்ணுக்குள் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நார்.

"என்ன தம்பி, தோட்டத்துப் பக்கம் போனீங்களா?"

"கோயில் திருவிழாண்ணே. சொந்தக்காரங்க கூப்பிட்டாங்க."

"அடிக்கடி போறதா?"

"சேச்சே. வருசத்துக்கு ஒருக்கா."

ஒரு திருவிழாவில் அவ்வளவு மண் ஒட்டாது. ஒன்றின்மேல் ஒன்றாக, பல மழைகளின் மண் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்றால், அந்தப் பொய்யை நான் நன்றாக அறிவேன். பதினெட்டு வயதில் என் அடையாள அட்டையில் இருந்தது சிரம்பானில் என் மாமா வீட்டு முகவரி. தோட்டத்துக்கு வரும் கடிதத்தைத் தோட்ட அலுவலகக் கிராணி தன் மேசையில் எத்தனை நாள் வைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. அது ஒரு காரணம். நேர்முகத்துக்குப் போனால் முகவரியைப் பார்த்ததும் எதிரே இருப்பவரின் குரல் மாறும். அது இன்னொரு காரணம். தோட்டத்தில் பிறந்த எங்களில் பலருக்கும் நகரத்தில் ஓர் அக்காவோ மாமாவோ உண்டு. அவர்கள் வீட்டு முகவரி எங்கள் எல்லாருக்கும் பொது.

குணா பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்தால், நானும் அவனும் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததாகிவிடும். மரியாதைக்காக விட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மண் ஒன்றைச் சொன்னது, காகிதம் வேறொன்றைச் சொன்னது. நான் படித்தவன் அல்லவா, காகிதத்தை நம்பினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கருநீலக் கார் வாசலில் வந்து நின்றது. முன்பக்க இடது டயர் பாதி இறங்கியிருந்தது.

"அண்ணே, காத்து மட்டும் அடிச்சு விடுங்க. அவசரம்லா."

"ஸ்டேரிங் ஆடுதா?"

"ரெண்டு மூணு நாளாவே ஆடுது. அப்புறம் கொண்டு வரேன். இப்பக் காத்து மட்டும்."

இடது இருக்கையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முகம் ஊதியிருந்தது. பாதங்களும் ஊதி, செருப்புக்குள் நுழையாமல், செருப்பை மடியில் வைத்திருந்தார். மூச்சு வாங்குவது கண்ணாடிக்கு வெளியே இருந்தே தெரிந்தது.

"அம்மாண்ணே," என்றான் குணா. "ரத்தம் கழுவப் போறோம். வாரத்துக்கு மூணு தடவ. வியாழக்கெழம பாலத்துல தண்ணி ஏறிருச்சு, வர முடியல. இன்னைக்கும் விட்டா நர்ஸ் ஆஸ்பத்திரில சேத்துருவேன்னு சொல்லிருச்சு. எட்டே முக்காலுக்கு மெசின்ல ஏத்தணும்."

மணி எட்டு இருபது. டயாலிசிஸ் மையம் எங்கள் கடையிலிருந்து ஆறு கிலோமீட்டர், நடுவில் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலை. காற்று அடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் காலை முழுவதும் இந்த இரண்டுதான் என் முன்னால் இருந்தன: அந்த அம்மாள் நேரத்துக்கு அந்த இயந்திரத்தில் ஏற வேண்டும், அந்தச் சக்கரத்தை நம்பி ஏறக்கூடாது.

நம்பக்கூடாது என்று அந்த நிமிடம் எனக்கு இன்னும் தெரியாது. ஸ்டேரிங்கை முழுதாகத் திருப்பச் சொல்லி, தரையில் படுத்து, ரிம்மின் உட்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து டார்ச் அடித்தேன். உள்விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதன் வழியாக நுரை கொப்பளித்தது. வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. லைட் ரிம்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகும், யாரும் பார்க்காத பக்கம்.

எழுந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் தேர்வை ஒருவன் கெடுத்துவிட்டான் என்கிற கோபம்.

"எங்க விட்டீங்க இத? டிராக்குல ஏத்தினீங்களா?"

குணா தரையைப் பார்த்தான்.

"சொல்லுடா," என்றார் உள்ளேயிருந்து அம்மாள். "எங்க விட்டேன்னு கேக்கறாருல்ல."

"தோட்டத்து ரோடுதாண்ணே."

"திருவிழாவுக்கா?"

"தெனமும்ணே. அங்கதான் வீடு. லுக்குட் பக்கம். மில்லு குவாட்டர்ஸ்."

"அப்ப அம்பாங்கான்?"

"அக்கா வீடு."

அம்மாள் கண்ணாடியை முழுதாக இறக்கினார். "அம்பாங்கான்ல நமக்கு வீடு இருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. எத்தன ரூமுடா?"

பேக்டரி என்று அவன் சொன்னது செம்பனை எண்ணெய் ஆலை. தினமும் நான்கு கிலோமீட்டர், குலை ஏற்றிய லாரிகள் தோண்டிப்போட்ட சாலையில், நான் பொருத்திய மெல்லிய ரப்பரும் மெல்லிய ரிம்மும்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர் மலாய் மொழியில் பேசுவார், நான் தமிழில் தருகிறேன். விரிசலைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"காத்த அடி. பேப்பர்ல சைன் வாங்கு. போகட்டும். ஆறு கிலோமீட்டர்தான்."

அந்தப் பேப்பரும் நான் எழுதியதுதான். பழுதைப் பற்றி எச்சரித்துவிட்டோம், வாடிக்கையாளர் தம் சொந்தப் பொறுப்பில் காரை எடுத்துச் செல்கிறார். மூன்றே வரி. அதுவரை அது கடையைக் காப்பாற்றத் தவறியதில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் நான் காற்று அடித்தேன். உண்மையாகவே அடித்தேன். காற்று இருபது நிமிடமாவது நிற்கும், விரிசல் பெரும்பாலும் தாங்கும், மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். அடியில் வேறொன்றும் இருந்தது. அந்தக் காரை நிறுத்தினால் ஏன் என்று முதலாளி கேட்பார். அந்தச் சாலைக்கு அந்த ரிம்மைப் போட்டிருக்கவே கூடாது என்று சொல்ல வேண்டிவரும். போட்டது யார் என்றால், நான்கு மாதத்துக்கு முந்தைய படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. இன்றைய பேப்பரில் குணா கையெழுத்துப் போட்டுவிட்டால் என்னுடையதை யாரும் தேடமாட்டார்கள்.

நெருக்கடியில் நீங்கள் எடுக்கிற முடிவு உங்களுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ரொம்ப வசதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

குணா காரின் மூக்கில் பேப்பரை வைத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். நான் அதை மடித்துக்கொண்டிருந்தபோது அம்மாள் கூப்பிட்டார்.

"தம்பி, அது என்னா கடுதாசி?"

"ஒண்ணுமில்லம்மா. ரிம்முல விரிசல் இருக்கு. மெதுவாப் போகச் சொல்லியிருக்கோம். அதுக்கு ஒரு சைன்."

"அவன் போட்டுட்டானா?"

"போட்டுட்டாரு."

"நான் எங்க போடறது?"

"என்னம்மா?"

"நானும்தானே இதுல உக்காந்துக்கிட்டு வரேன். நான் போட எடம் எங்க இருக்கு?"

நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடம் இருக்கிறதா என்று உண்மையிலேயே பின்பக்கம் பார்த்தேன். இத்தனை வருடம் படிவம் எழுதியவனின் கை தானாகச் செய்கிற காரியம் அது.

"ஓட்டுறவங்க மட்டும் போட்டாப் போதும்மா."

"ஓட்டுறவன் புடிச்சுக்க ஸ்டேரிங் இருக்கு," என்றார். குரலில் கோபம் இல்லை, மூச்சுதான் வாங்கியது. "எனக்கு என்னா இருக்கு?"

சாவி இன்னும் காரில்தான் இருந்தது. நான் வலப்பக்கம் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எந்த விதிமுறையிலும் இதற்கு இடமில்லை. வாடிக்கையாளரின் சாவி அது.

"அண்ணே, என்னா செய்றீங்க? லேட்டாவுது!"

"இந்தக் காடி போகாது."

"நான்தான் சைன் பண்ணிட்டேன்ல!"

"பண்ணிட்ட. பேப்பர் தப்பு."

"அம்மாவுக்கு எதுனா ஆச்சுன்னா?" அவன் குரல் உடைந்தது. "மெசின வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கண்ணே. வெளயாட்டு இல்ல. சாவியக் குடுங்க!"

"என் காடி பின்னாடி நிக்குது. அம்மாவ அதுல ஏத்து. கத்துற நேரத்துல பாதி தூரம் போயிருக்கலாம்."

முதலாளி என் கையைப் பிடித்தார். பேப்பர் வாங்கியாச்சே, பிறகு என்ன என்பது போல் பார்த்தார். அப்போதுதான் சொன்னேன்.

"தௌக்கே, அந்த ரிம்ம நான்தான் போட்டேன். மண்ணப் பாத்தேன். பாத்துட்டும் போட்டேன்."

 அவர் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அந்தத் தாழ்ந்த காருக்குள் குனிந்து, அம்மாளின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறுபக்கம் குணா. அம்மாளை வெளியே எடுப்பதற்கு முழுதாக ஐந்து நிமிடம் பிடித்தது.

"பாத்துத் தூக்குங்க," என்றார் அம்மாள். "வியாழக்கெழம எடுக்காத தண்ணியும் உள்ளதான் இருக்கு."

குணாவை ஏற்ற நான் காத்திருக்கவில்லை. போகும் வழி முழுக்க அம்மாள் கதவுப் பிடியை விடவில்லை. ஒன்பதாக ஐந்து நிமிடம் இருக்கும்போது மையத்துக்குள் நுழைந்தோம். தாதி ஒருவர் என்னை மகன் என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் திட்டினார். நான் மறுக்கவில்லை. இயந்திரத்தை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. எடை பார்த்து, படுக்கவைத்து, குழாய் மாட்டினார்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

முதலாளியே குணாவைக் கொண்டுவந்து விட்டுப் போனார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான்தாண்ணே பொய்யான அட்ரஸ் போட்டேன்."

"நானும் போட்டிருக்கேன்."

"நீங்களா?"

"கல்யாணம் ஆகுற வரைக்கும். அதனாலதான் ஒன்னையக் கேக்கல."

 பிறகு, "தோட்டம்னு சொல்லியிருந்தா பதினேழு போட்டிருக்க மாட்டீங்களா?" என்று கேட்டான்.

"போட்டிருக்க மாட்டேன்."

"நான் சண்ட போட்டிருப்பேன்."

"அது வேற."

குழாய் கழற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. அம்மாள் வெளியே வந்தபோது முகம் வற்றியிருந்தது. செருப்பைக் காலில் போட்டிருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் நாலு ரிம்மையும் கழற்றினேன். இடப்பக்கம் இரண்டும் உட்புறம் நெளிந்திருந்தன, அதில் முன்னது பிளந்திருந்தது. வலப்பக்கம் இரண்டிலும் கீறல்கூட இல்லை. கையில் தராசும் டேப்பும் இருக்கிற எவனுக்கும் இது விசித்திரமாகத் தெரியும். எனக்குப் புரியவில்லை. ஆகவே, அத்தனை ஆண்டு வேலையில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன். மறுவாரம் அந்தச் சாலையைப் பார்க்க நேரில் போனேன்.

ஒரு கிலோமீட்டர் நடந்ததும் புரிந்துவிட்டது. குலை லாரிகள் சாலையின் நடு முதுகில் வருகின்றன. எதிரே வரும் சின்னக் கார் இடது ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். ஓரத்தை மழைத்தண்ணீர் அரித்துப் பள்ளமாக்கி வைத்திருக்கிறது. லாரி வருகிற ஒவ்வொரு தடவையும் இடச் சக்கரம் அதற்குள் இறங்கும். நம் நாட்டில் ஸ்டேரிங் வலப்பக்கம். நான்கு மாத அடியும் விழுந்தது அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த பக்கத்தில்.

குவாட்டர்ஸில் குணா வேலைக்குப் போயிருந்தான். அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, தான் குடிக்கவில்லை. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும்.

"ஏம்மா, அவ்வளவு குலுக்குதே, அவன்கிட்ட ஒரு தடவையாச்சும் சொல்லக்கூடாதா?"

"என்னான்னு சொல்ல?"

"இடுப்பு வலிக்குதுன்னு."

அவர் கீரைத் தண்டை ஒடித்தார். "அவன் மில்லுக்குள்ள பன்னெண்டு மணி நேரம் நிக்கறான். வீட்டுக்கு வந்தா நான் சீக்காளி. எங்க பாத்தாலும் மூஞ்சி அப்படியேதான் இருக்கும். அந்தக் காடியில ஏறி ஒக்காந்தாத்தான் சிரிக்கறான். தனியா சிரிச்சுக்கிட்டு ஓட்டுவான். பக்கத்துல இருந்தாத்தானே பாக்க முடியும்?"

பிறகு, "பெரிய எடத்துல போய்ச் சொல்லாதீங்க இத," என்று சேர்த்தார். பெரிய இடம் என்று அவர் சொன்னது மகனை.

இதுவரை நீங்கள் படித்ததிலிருந்து, லைட் ரிம் வேண்டாம், இரும்பு ரிம்மைப் போடு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். முதலாளியும் அதையே எதிர்பார்த்தார். நான் செய்யவில்லை. அந்தச் சிரிப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த இடுப்பையும் காப்பாற்ற வேண்டும். ரிம் தேர்ந்தெடுப்பது என்றால் அந்த நாள்வரை எனக்குத் தெரிந்தது ஓட்டுகிறவனின் கையை மட்டும்தான். இரண்டாவது இருக்கையில் யார், வாரத்தில் எத்தனை நாள் என்று நான் எவனிடமும் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். படிவத்தில் தோட்டச் சாலைக்கு நான்காவது கட்டம் சேர்த்தேன் என்பது உண்மை. அதற்கும் பொய் சொல்வார்கள். சக்கர வளைவுக்குள் கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

கடைசியில் எடுத்தது பதினாறு அங்குலம். வார்ப்பு இல்லை, அடித்துச் செய்த ரிம். அடி பட்டால் நெளியும், சட்டென்று பிளக்காது. சின்னதாக இருப்பதால் பழைய பதினேழைவிட ஒவ்வொன்றும் அரைக் கிலோ குறைவு. அதன்மேல் பக்கச்சுவர் தடித்த 205/50. கார் முதன்முதலில் வெளிவந்தபோது என்ன அளவு இருந்ததோ அதே அளவு. நானும் குணாவும் இத்தனை அலைந்து கண்டுபிடித்தது, அந்தக் காரைச் செய்தவர்கள் முன்பே தெரிந்துவைத்திருந்த ஒன்று. செலவைப் பற்றி முதலாளி ஏதோ முணுமுணுத்தார், நானும் ஏதோ முணுமுணுத்தேன், ரிம் வந்து சேர்ந்தது.

பொருத்தி முடித்த அன்று குணாவோடு நானும் தோட்டத்துக்குப் போனேன். பிரதான சாலையிலிருந்து செம்மண்ணுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"எறங்கு. நான் ஓட்டுறேன். நீ அந்தப் பக்கம் போ."

"எதுக்குண்ணே?"

"போய் ஒக்காரு."

சொந்தக் காரில் அவன் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான்.

"இந்த ரோட்டுல நீ எவ்வளவுல போவ?"

"அறுவது, அறுவத்தஞ்சு இருக்கும்ணே."

அறுபதில் ஓட்டினேன். கார் அருமையாக ஓடியது. கையில் அது பேசியது, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் சொன்னது. அவன் ஏன் சிரிக்கிறான் என்று எனக்கே தெரிந்தது. முதல் வளைவில் குலை லாரி ஒன்று நடு முதுகில் வந்தது. நான் அவன் செய்வது போலவே இடப்பக்கம் ஒதுங்கினேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ரிம்முக்கு ஒன்றும் ஆகவில்லை, சத்தத்திலேயே தெரிந்தது. குணாவின் முழங்கால் முன்பலகையில் இடித்தது. தலை பக்கத்துக் கண்ணாடியைத் தொட்டு வந்தது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா."

 இன்னொரு லாரி, இன்னொரு பள்ளம். அவன் வலது கை பிடித்துக்கொள்ளத் தொடைப் பக்கத்தில் எதையோ தேடியது.

"இப்ப ரப்பர் தடிமனாத்தானேண்ணே இருக்கு?"

"ஆமா. மின்ன இருந்ததவிட ரொம்பத் தடிமன்."

"இதுவே இப்படின்னா..."

 அவன் முகத்தைச் செம்பனைப் பக்கம் திருப்பிக்கொண்டான். குவாட்டர்ஸுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.